பதினோரு நிமிடம் படித்த குற்றம்

எக்ஸ்ரேக்காரர் ஆஸ்பத்திரியில் பேசுவது மூன்று சொற்கள்தான். "இழுங்க. பிடிங்க. விடுங்க." காலையிலிருந்து சாயங்காலம்வரை மூச்சைப் பற்றி இந்த மூன்றையும் ஊர்பேர் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். அங்கே பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தால் அவற்றைக்கூடச் சொல்ல ஆள் கிடையாது. மனைவி போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகள் விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்மா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

அந்த ஒன்றுமில்லையை இருவரும் சிறிது நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைப்பார்கள்.

அவர் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தது அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் உடம்பில் இருக்கும் உலோகத்தை எல்லாம் கழற்றி ஒரு ட்ரேயில் போட்டுவிட்டுத்தான் எந்திரத்தின் முன்னால் நிற்கவேண்டும். அந்த ட்ரேயைப் பற்றித்தான் எழுதினார். பார்த்தாலே பயப்படும்படியான ஒரு முரட்டு ஆள் சட்டைப் பையிலிருந்து பொம்மைக் கார் ஒன்றின் சக்கரத்தை எடுத்துப் பத்திரமாக வைத்தது, ஒரு பெண் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அது விட்டுப்போன வெள்ளைத் தடத்தைத் தடவிக்கொண்டே நின்றது, இந்த மாதிரி. யார், எவர் என்று எழுதமாட்டார். நன்றாகத்தான் எழுதினார். ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு எண் இருந்தது. இன்றைய வருகை மூன்று. அதில் ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அவர். இன்னொன்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலிருந்து அவர். மூன்றாவது யாரென்று நெடுநாள் ஆவலாக இருந்து, கடைசியில் அது தன் கைப்பேசி என்று கண்டுபிடித்தார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் பெண்தான் வழி சொன்னாள்.

"பேரவையில சேருங்க சார். எங்க மாமா சமையல் பதிவு போடுறார். தினமும் ஐந்நூறு பேர் வர்றாங்க."

"நல்லா சமைப்பாரோ?"

"வெந்நீர் வைக்கத் தெரியாது சார்."

அனைத்துப் பதிவர் புக்மார்க் பேரவை என்பது அதன் முழுப்பெயர். அதற்கு ஒரு இணையதளம் இருந்தது. உறுப்பினர்கள் தாங்கள் எழுதியதன் சுட்டியை அதில் போடுவார்கள். மற்ற உறுப்பினர்கள் அந்தச் சுட்டியைத் திறந்து, கீழே 'குறி' என்றிருக்கும் பொத்தானை அழுத்துவார்கள். நிறையப் பேர் குறித்தது மேலே ஏறும். மேலே ஏறியதை இன்னும் நிறையப் பேர் வந்து குறிப்பார்கள். இப்படி மேலே ஏறியது எதற்காக ஏறியது என்று கேட்பது பேரவை மரபு அல்ல.

பேரவையின் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. ரப்பர் வாசனைக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, மேடைமேல் ஒரு மைக். தலைவர் அதற்குமுன் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி ஒப்பந்தம் எடுத்து நடத்தியவர். செயலாளர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். இருவரும் எக்ஸ்ரேக்காரரை எதிரே உட்காரவைத்து நேர்முகம் நடத்தினார்கள்.

"எதுக்கு எழுதுறீங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"யாராவது படிப்பாங்களேன்னுதாங்க."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர், மழலை பேசும் குழந்தையைப் பார்ப்பதுபோல் எக்ஸ்ரேக்காரரைப் பார்த்தார்.

"புதுசுல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. தப்பில்ல. போகப்போக சரியாயிடும்," என்றார். "நான் சுங்கச்சாவடி நடத்தினவன். எத்தனை வண்டி போச்சுன்னு கேளுங்க, சொல்லுவேன். உள்ள யாரு இருந்தா, எங்க போனா, அழுதுக்கிட்டே போனானா சிரிச்சுக்கிட்டே போனானா, ஒரு நாளும் நான் பார்த்தது கிடையாது. பார்த்திருந்தா இந்த நிலைமைக்கு வந்திருப்பேனா? வருகைங்கிறது வேற, வாசிப்புங்கிறது வேற. வருகைக்கு மதிப்பு உண்டு, ஏன்னா அதை எண்ணலாம். வாசிப்பை எண்ண முடியுமா? எண்ண முடியாததுக்கு மதிப்பு இருக்கிறதா நான் கேள்விப்பட்டதில்ல."

எக்ஸ்ரேக்காரருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு மனிதர் தன் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

உறுதிமொழி அன்றே எடுத்துக்கொண்டார். வலது கையை மவுஸ்மேல் வைத்து, செயலாளர் சொல்லச்சொல்லத் திருப்பிச் சொல்லவேண்டும். தினமும் எல்லா உறுப்பினர் பதிவுகளையும் குறிப்பேன். எந்தப் பக்கத்திலும் பத்து விநாடிக்குமேல் நிற்கமாட்டேன். பாராட்டுவதில் பாரபட்சம் காட்டமாட்டேன். பாராட்டுக்கென்று பேரவை அனுமதித்த சொற்கள் இருந்தன. 'அருமை', 'பகிர்வுக்கு நன்றி', 'தொடருங்கள்'. 'மிக அருமை' என்று எழுத மூத்த குறிப்பாளர் ஆகவேண்டும். அதற்கு ஒரு வருடம் பிடிக்கும்.

மறுநாள் சாயங்காலமே வருகை ஐம்பதைத் தாண்டியது. மாத முடிவில் நானூறு. எக்ஸ்ரேக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, டக் டக்கென்று ஊரார் பதிவுகளையெல்லாம் குறிப்பார். அருமை, அருமை, பகிர்வுக்கு நன்றி, தொடருங்கள். விரல் ஓய்ந்ததும் தன் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பார். வீட்டில் கால்மிதி போதாது என்று ஒரு கணம் தோன்றும். அவ்வளவு பேர்.

"நானூறு பேரும்மா," என்றார் மகளிடம்.

"யாருப்பா அந்த நானூறு பேர்?"

அது அவருக்கும் தெரியவில்லை. "எல்லாரும் நல்லவங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

பேரவையின் விருது விழா அடுத்து வந்தது. அந்த மாதத்தின் மிகச்சிறந்த பதிவுக்குக் கேடயம். வென்ற பதிவைப் பெரிய திரையில் காட்டினார்கள். திரை வெள்ளையாக இருந்தது. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று எக்ஸ்ரேக்காரர் காத்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டியபோதுதான் பதிவே அதுதான் என்று தெரிந்தது. எழுதிய ஆள் எழுத மறந்து, வெற்றுப் பக்கத்தைத் தெரியாமல் வெளியிட்டுவிட்டார். மற்றவர்கள் வந்து குறித்துவிட்டார்கள். எழுபது 'அருமை', பதினெட்டு 'மிக அருமை'.

வென்றவர் மேடையேறி, "எனக்கு வார்த்தைகளே வரல," என்றார்.

தலைவர் மைக்கை வாங்கினார். "இந்தப் பதிவைப் பார்த்தப்ப எனக்குப் பழைய ஞாபகம் வந்துது. காலியான ரோடு. ஒரு தடங்கல் இல்ல. வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணரை செகண்ட்ல வெளிய போயிருக்காங்க. இவரை மாதிரி எழுத எல்லாரும் கத்துக்கணும். ஒரு எழுத்தாளன் வாசகனோட நேரத்தை மதிக்கிறதுன்னா இதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று தானும் தட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு யோசனை ஓடியது. காலியாகப் போட்டாலே இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? நானூறு பேர் வாசலில் நிற்கும்போது ட்ரேயையும் சக்கரத்தையும் காட்டிக்கொண்டிருப்பது மரியாதையா?

அதனால் மனைவியைப் பற்றி எழுதினார்.

அதை எழுத ஒரு வாரம் ஆயிற்று. வேலைக்குப் போகுமுன் விடிகாலையில் நாலு வரி எழுதுவார், மூன்று வரி அடிப்பார். கடைசியில் நின்றது சின்னப் பதிவுதான். வெகுநாள் இருமிக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்க்கவேண்டாம், தானே சரியாகிவிடும் என்றாள். பிறகு ஒருநாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அது சூடாக இருந்தது. நாலு மாதம் கழித்து அவள் இல்லை. சங்கிலி இப்போது அலமாரியில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறது. இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

வெளியிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் வந்து திறந்தார். வருகை ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"அருமை."

"பகிர்வுக்கு நன்றி. நம்ம பக்கமும் வந்து போங்க."

"அருமை. தொடருங்கள்."

"மிக அருமை. இதுபோல் நிறைய எதிர்பார்க்கிறோம்."

அவர் அடிவரை உருட்டிக்கொண்டே போனார். பிறகு ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று மேலிருந்து மறுபடி வந்தார். விட்டுப்போகவில்லை. அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் செயலாளர் போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது.

"சார், பிச்சுக்கிட்டுப் போகுது சார் உங்க பதிவு. சாவுக்கு இவ்வளவு வருகை இருக்குன்னு எங்களுக்கே இப்பதான் தெரியுது. தலைவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். வாரத்துக்கு ஒண்ணு இந்த மாதிரி போட முடியுமா?"

"எனக்கு ஒரே மனைவிதாங்க," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"அதனால என்ன சார். அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா, யாராவது இருப்பாங்கல்ல. யோசிச்சுப் பாருங்க. அவசரமில்ல."

அன்றைக்கும் அவர் கடமை தவறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குறிக்க ஆரம்பித்தார். ஏழோ எட்டோ ஆனபிறகு விரல் நின்றது. தன்னுடையதற்கு அடியில் 'அருமை' போட்டவர்கள்போலத்தானே தானும் இத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்தோம் என்று உறைத்தது. இதில் எவருடைய பதிவில் எவர் செத்துக் கிடக்கிறாரோ. எதிரில் திறந்திருந்த பக்கத்தை அவர் முதல் வரியிலிருந்து படித்தார்.

அது ஒரு பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் பெண் எழுதியது. படித்து முடித்துவிட்டு, திரும்ப மேலே போய் இன்னொரு தடவை படித்தார். பிறகு 'அருமை' என்று அடித்து, அதை அழித்துவிட்டு, வேறென்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார்.

மூன்றாம் நாள் பேரவையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஒரே பக்கத்தில் பதினோரு நிமிடம் தங்கியதாகக் குற்றச்சாட்டு. ஞாயிறு காலை விசாரணை.

டயர் கடையின் மாடி நிரம்பி வழிந்தது. உறுப்பினர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்து, விசாரணையைக் கவனித்தபடியே ஒருவரையொருவர் குறித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு வரைபடம். அறுபது எழுபது குட்டைக் கோடுகள் புல்மாதிரி இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் விளக்குக் கம்பம்போல் நெட்டையாக நின்றது. எக்ஸ்ரேக்காரருக்கு அது தான்தான் என்று தெரிந்தது. நாற்காலியில் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தார்.

செயலாளர் ஆரம்பித்தார். "நம்ம பேரவையோட சராசரி ஆறு செகண்ட். சின்ன விஷயமில்ல இது. ராத்திரி பகலா நீங்க எல்லாரும் படிக்காம இருந்து சம்பாதிச்ச பேரு. இவர் ஒருத்தரால அது ஏழாயிடுச்சு." மேலே பேசமுடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் எழுந்தார். "வண்டி ஓடினா அதுக்குப் பேரு டிராஃபிக். நடுரோட்டுல நின்னா? டிராஃபிக் ஜாம். இவர் பதினோரு நிமிஷம் நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்திருக்கார். ஆனா நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. கரண்ட் போயிருக்கலாம். போன் வந்திருக்கலாம். அசந்து தூங்கியிருக்கலாம். ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார், முடிச்சிடலாம். முதல்ல பாதிக்கப்பட்டவங்களைக் கேட்டுடுவோம்."

பாதிக்கப்பட்டவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணில் பச்சையும் காவியுமாகப் பெயிண்ட். இவ்வளவு பேருக்கு முன்னால் நின்று பழக்கமில்லை என்பது கைப்பையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

"உங்க பதிவுல ஒருத்தர் பதினோரு நிமிஷம் இருந்திருக்கார். அதைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் தலைவர்.

அவள் எக்ஸ்ரேக்காரரைப் பார்த்தாள். "பாவம் சார், விட்டுடுங்க. அவர் படிச்சிருக்க மாட்டார். பதினோரு நிமிஷம் படிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? கடையில நடந்ததை எழுதி வெச்சேன், அவ்வளவுதான். நானே திரும்பப் படிச்சதில்ல. அவர் தூங்கித்தான் போயிருப்பார்."

சபையில் ஒரு நிம்மதி பரவியது. செயலாளர் தூங்கினார் என்று எழுதிக்கொண்டார். தலைவர் எக்ஸ்ரேக்காரரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், நானூறு பேரும் பத்திரமாக இருப்பார்கள்.

எக்ஸ்ரேக்காரர் எழுந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். ஆனால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்காரப் போவதைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது.

"தூங்கலீங்க. படிச்சேன்."

"சார், யோசிச்சுப் பேசுங்க," என்றார் செயலாளர்.

"ரெண்டு தடவை படிச்சேன். இவங்க கடைக்கு ஒருத்தர் சுவர்ச் சுண்ணாம்புக் காரைத் துண்டு ஒண்ணு எடுத்துட்டு வந்தார். கட்டை விரல் அளவுதான் இருந்தது. அதே கலர்ல பெயிண்ட் வேணும்னார். இவங்க கலந்து குடுத்தாங்க. வெயில்ல காயவெச்சுப் பார்த்துட்டு இல்லன்னுட்டார். மறுபடி கலந்தாங்க. அதுவும் இல்ல. இப்படி நாலு தடவை."

இரண்டு மூன்று மடிக்கணினிகளில் டக் டக் சத்தம் நின்றது.

"அப்படி எதுக்குங்க இந்தக் கலர்னு இவங்க கேட்டாங்க. அவரும் அவர் தம்பியும் சண்டை போட்டு வீட்டைப் பாகம் பிரிச்சு நடுவுல சுவர் வெச்சுட்டாங்களாம். தம்பி பக்கம் பழைய கலர் அப்படியே இருக்கு. இவர் பக்கம் காரை பேந்துபோய்ப் புதுசா அடிக்கணும். வேற கலர் அடிச்சா தெருவுல போறவங்களுக்கு ரெண்டு வீடுன்னு தெரிஞ்சிடும்னார்."

"அப்புறம்?" என்று முன் வரிசையில் ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டபின் தான் செய்தது புரிந்து, யார் கேட்டது என்று தேடுவதுபோல் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சாவது தடவை சரியா வந்துச்சு. அவர் டின்னைத் தூக்கிட்டுப் போயிட்டார். இவங்க அந்தக் காரைத் துண்டைத் திருப்பிக் குடுக்க மறந்துட்டாங்க. கல்லா மேல வெச்சிருக்காங்களாம். அது யார் பக்கத்துச் சுவர்லேர்ந்து பேர்த்ததுன்னு யோசிக்கிறேன்னு முடிச்சிருக்காங்க." எக்ஸ்ரேக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டார். "தம்பி பக்கத்துச் சுவரா இருந்தா, ராத்திரி போய்ச் சுரண்டியிருக்கணும். அதை நினைச்சுத்தான் நேரம் ஆயிடுச்சுங்க. மத்தபடி நடுரோட்டுல நிறுத்தணும்னு எண்ணமில்ல."

கீழே டயருக்குக் காற்றடிப்பது கேட்டது. பெயிண்ட் கடைக்காரி உட்காராமல், நிமிர்ந்து நிற்கவும் செய்யாமல், நாற்காலி முதுகைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் முகத்தில் இருந்த அன்பு வடிந்துவிட்டது. "பார்த்தீங்களா? இதுக்குத்தான் சொல்றது. ஒருத்தர் படிச்சா பக்கத்துல இருக்கிறவருக்கும் படிக்கத் தோணும். இன்னைக்கு அப்புறம்னு கேக்குறார். நாளைக்கு இது நல்லாருக்கு, அது நல்லால்லன்னு ஆரம்பிப்பார். யாரு எழுதினது நல்லாருக்குன்னு பேச்சு வந்துட்டா, நான் உட்பட இங்க எத்தனை பேர் மேடையில உட்கார முடியும்? ஒரு பேரவை எதை வேணும்னாலும் தாங்கும். வாசகனைத் தாங்காது."

நீக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறினால் கைதட்டுவது விதி. எல்லாரும் தட்டினார்கள். பழக்க தோஷத்தில் எக்ஸ்ரேக்காரரும் தட்டினார்.

அவர் மாடிப்படி இறங்குவதற்குள் கணக்கை முடித்துவிட்டார்கள். தெருவில் நின்று கைப்பேசியைத் திறந்தார். இன்றைய வருகை ஒன்று. அதுவும் இப்போது திறந்த அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைகள் சாத்தியிருந்தன. பஸ் நிறுத்தத்தின் பெஞ்சு வெயிலில் சுட்டது. நுனியில் உட்கார்ந்தார். இன்றைக்கு மகள் கூப்பிடுவாள், வேற என்று கேட்பாள், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார்."

பெயிண்ட் கடைக்காரி. படியிறங்கி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. பெஞ்சின் மறுநுனியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"என்னால உங்களுக்குக் கஷ்டம்," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"நீங்க சொன்னப்பதான், அப்படியா எழுதியிருக்கேன்னு இருந்தது." கைப்பையின் வாரைத் திருகினாள். "ஒண்ணு சொல்லணும் சார். நான் உங்களோடதைப் படிச்சதே இல்ல. தினமும் குறிச்சிருக்கேன். போன வாரம்கூட அருமைன்னு போட்டேன். எதுக்குப் போட்டேன்னு தெரியாது."

"பரவால்லீங்க. நானும் அப்படித்தான் போட்டுக்கிட்டிருந்தேன்."

"இப்ப படிக்கட்டுமா?"

அவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் அவள் கைப்பேசியை எடுத்துவிட்டாள். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். தான் எழுதியதை ஒருவர் படிக்கும்போது பக்கத்தில் இருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து, யாரும் ஏறாததால் போய்விட்டது. அது அவருடைய பஸ். அவள் உதடு அசையாமல், மெதுவாக, பெயிண்ட் விரலால் ஒவ்வொரு வரியாக மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். ட்ரேயில் ஆரம்பித்து வரிசையாக வருகிறாள் என்று தெரிந்தது. கடைசிப் பதிவுக்கு வந்தபோது விரல் நின்றது. வெகுநேரம் நின்றது.

அவள் 'அருமை' என்று சொல்லவில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சங்கிலியைக் கழட்டி உங்க கையில குடுத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க," என்றாள். "ஏன் கழட்டினாங்கன்னு எழுதல."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தது நீங்கதானே சார்?"

டாக்டருக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. மகளிடம்கூடச் சொன்னதில்லை. படம் திரையில் வந்ததும் நோய் எக்ஸ்ரேக்காரருக்குத்தான் முதலில் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மனைவி, சரியா இருக்கா, இன்னும் ஒண்ணு எடுக்கணுமா என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றார். "நான்தான்."

பெயிண்ட் கடைக்காரியின் பஸ் வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து அவர்கள் பக்கம் பார்த்தார். அவள் கை காட்டவில்லை. பஸ் போன சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சொல்லுங்க சார்," என்றாள்.